ஆள் உட்காராத கடை

பெண் பார்க்க வந்த அன்றே என் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது.

எங்களுக்குப் பழனி அடிவாரத்தில் கடை. தேங்காய், பழம், கற்பூரம், விபூதி, பஞ்சாமிர்தம். மாப்பிள்ளை வீட்டார் மேலே வில்பட்டியில் பூண்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் போடுகிற சம்சாரிகள். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டக்குதிரைகளில் பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாகப் பழனிக்கு இறங்குவார். அவர் சொல்லித்தான் இந்தச் சம்பந்தம் வந்தது. "வெள்ளாமையோட ஒரு கடையும் இருக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

கேசரியைத் தின்று முடித்து மாப்பிள்ளை கை கழுவி வந்ததும் அப்பா கேட்டார்:

"கடையில யாரு உக்காருறது? நீங்களா, அம்மாவா?"

"யாரும் உக்காரமாட்டோம் மாமா."

"அப்ப, ஆள் போட்டிருக்கீங்களா?"

"ஆளும் இல்ல மாமா."

என் வீட்டுக்காரர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் போன பிறகு அம்மாவிடம், "பூட்டிக் கெடக்குற கடையையும் சேத்துக் கணக்குச் சொல்லுறாங்க பாரு. பையன் முகம் நல்லாருக்கு, போகட்டும்" என்றார். தை மாதம் எனக்குக் கல்யாணமாகி மலையேறினேன்.

போய்ப் பார்த்தால் கடை பூட்டிக் கிடக்கவில்லை. அதில் பூட்டே இல்லை. கதவும் இல்லை, சுவரும் இல்லை. எங்கள் தோட்டத்துக்கு மேலே, கொடைக்கானல் டவுனுக்கு ஏறுகிற பாதையின் வளைவில், ஒரு தைல மரத்தடியில் நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பலகை. பலகையின் மேல் கோஸ், கேரட், பட்டாணி, பூண்டு எல்லாம் கூறு கட்டி வைத்திருக்கும். ஓரத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. வருகிறவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு காசை டப்பாவில் போட்டுவிட்டுப் போகவேண்டும். மீதிச் சில்லறை வேண்டுமென்றால் மூடியைத் திறந்து அவர்களே எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் கடை.

இதை ஆரம்பித்தவர் என் மாமியார். அதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. மாமனார் இறந்த பிறகு தோட்டத்தில் அத்தையும் அவர் மகனும் மட்டும்தான். மேலே பங்களாக்களில் இருக்கிற சமையல்காரர்கள் பாதையில் நின்றுகொண்டு, "ஆத்தா, கோஸ் இருக்கா?" என்று கீழே பார்த்துக் கத்துவார்கள். அத்தை மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேடேறிப் போய்க் கொடுத்துவிட்டு இறங்குவார். இறங்கி மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்குள் அடுத்த குரல் வரும். ஒருநாள் முழங்கால் வலி பொறுக்கமாட்டாமல் கீழேயிருந்தே கத்தியிருக்கிறார்: "அங்கனதான கெடக்கு, எடுத்துக்கிட்டுக் காசைக் கல்லுக்கு அடியில வச்சிட்டுப் போங்க!" சாயந்திரம் போய்ப் பார்த்தால் கல்லுக்கடியில் காசு இருந்தது. மறுநாளும் இருந்தது. பிறகு கல் போய் டப்பா வந்தது.

"நாலு காய் காணாமப் போனா நாலு காயோட போச்சு. ஒரு ஆள் அங்க போய் உக்காந்தா ஒருநாள் சோலி போச்சே" என்பார் அத்தை. அவர் கணக்கு அதுதான்.

எனக்கு அது பிடிபடவே மாதங்கள் ஆயின. நான் வளர்ந்த இடம் அப்படி. அடிவாரத்தில் கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமா? தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கடைக்கு முன்னால் தலைகளாகவே தெரியும். எந்தக் கை காசு கொடுக்கிறது, எந்தக் கை தேங்காயைத் தூக்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அப்பா கல்லாப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நான் பார்த்ததில்லை. சாப்பாடுகூடக் கடையைப் பார்த்து உட்கார்ந்துதான். அந்தப் பழக்கத்தோடு வந்தவளுக்கு, மரத்தடியில் ஒரு டப்பா தனியாக இருப்பது, வீட்டுக் குழந்தையை நடுரோட்டில் விட்டுவந்த மாதிரி இருந்தது. களை எடுத்துக்கொண்டே இருப்பேன். ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு மேடேறிப் போய் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். "கோழி முட்டையிட்டிருச்சான்னு பாக்குற மாதிரி இத்தன தடவை பாக்காத, தாயி" என்று அத்தை கீழேயிருந்து சிரிப்பார்.

அப்போது நயா பைசா வந்த புதிது. பழைய அணாவும் புதுக் காசும் கலந்து ஓடிக்கொண்டிருந்தன. கடையில் ஆள் இல்லாததால் விலையைப் பலகையில் எழுதவேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக என் வீட்டுக்காரர் காயைப் படமாகவும் போட்டிருந்தார். அவருக்குப் படம் வராது. அவர் வரைந்த கேரட்டைப் பார்த்து மிளகாய் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. காசிலும் கூத்துதான். அணாவுக்கு எத்தனை பைசா என்று குழம்பியவர்கள் எதற்கு வம்பு என்று கொஞ்சம் கூடவே போட்டார்கள். சிலர் குறைத்தும் போட்டார்கள். காசு கையில் இல்லாத ஒரு சமையல்காரர் பாதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். சிலோன் காசு ஒன்று அடிக்கடி வரும். நாங்கள் சில்லறையில் வைப்போம், யாரோ எடுத்துப் போவார்கள், பிறகு வேறு யாரோ அதையே திரும்பப் போடுவார்கள். ஒரு சட்டைப் பொத்தான் வந்தது. அதை என் வீட்டுக்காரர் தன் சட்டையில் தைத்துக்கொண்டார்.

சித்திரை கழியும்போது எனக்கு மசக்கை. சேதி தெரிந்து அப்பா பார்க்க வந்தார். கடையை விட்டு இரண்டு பேரும் வரமுடியாது என்று அம்மா வரவில்லை. வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் வந்து, கொடைக்கானலில் இறங்கி, மாவடு ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரங்குக் குல்லாவும் கம்பளியுமாகப் பாதையில் நடந்து வந்தார். வருகிற வழியில்தானே எங்கள் கடை! நான் ஏறிப் போய்ப் பார்த்தபோது டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தாயி, இதை யாரோ மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்க. உள்ள காசு இருக்கு."

"அது நம்ம கடைப்பா."

அவர் டப்பாவைப் பார்த்தார், தகரக் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கே சங்கடமாக இருந்தது.

அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தி வீடு அல்லவா. மறுநாள் வெள்ளனே எழுந்து காபியைக் குடித்துவிட்டு, "சும்மா காலாற நடந்துட்டு வாறேன்" என்று மேடேறினார். நான் அவரை அறியாதவளா? பாத்தியில் நின்றபடி மேலே பார்த்தேன். கடைக்குப் பின்னால் உண்ணிப் புதருக்குள் ஒரு குரங்குக் குல்லா தெரிந்தது.

அன்று முழுவதும் அவர் அங்கேதான் இருந்தார். மத்தியானம் சாப்பிட வந்தபோது, "எல்லாரும் காசு போடத்தான் செய்றாங்க" என்றார். குரலில் ஏமாற்றம்தான் இருந்தது. அடுத்த நாள் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

மேலே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருவர் தினமும் அந்த வழியாக நடப்பார். உயரமான அம்மா, கையில் பிரம்புக் கூடை. அன்று அவர் வந்தார், பட்டாணி ஒரு கூறும் கேரட் ஒரு கட்டும் எடுத்துக் கூடையில் வைத்தார், டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். புதர் ஆடியது. அப்பா வெளியே பாய்ந்தார்.

"மேடம்! மேடம்! மணி! மணி!"

அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் பாட்டுக்கு நடந்தார். அப்பா கம்பளியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடினார். அடிவாரத்துக்காரருக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளுமா? வளைவுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கி, பாதையோரத்தில் மடிந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"ஐயா, உமக்கு மூச்சு முட்டுகிறதோ? பயப்படாதேயும்" என்றார். வேதப்புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர்.

அப்பா கையை நீட்டி, "மணி... மணி..." என்றார்.

டீச்சரம்மா முகம் வாடிவிட்டது. "ஐயோ, என்னிடத்தில் பணம் இல்லையே. நான் பணம் கொண்டு நடப்பதில்லை. இந்தாரும், இதைப் புசியும்" என்று கூடையிலிருந்து ஒரு கேக் துண்டை எடுத்து அவர் கையில் வைத்து, பிளாஸ்கிலிருந்து பால் இல்லாத டீயை ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, "கர்த்தர் உம்மைக் காப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கேக்கோடு இறங்கி வந்தார். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, நான் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். அத்தைக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. பாத்தியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"அந்தம்மா கையில காசே வச்சிக்கிடாதுண்ணே. அதோட சமையல்காரரு சனிக்கிழமை வந்து மொத்தமாப் போட்டுருவாரு."

"போடலைன்னா?"

"ஞாயித்துக்கிழமை சந்தையில பாத்துக் கேப்பேன். எங்க போயிருவாரு?"

அப்பாவுக்குக் கேக் பிடித்திருந்தது. ஆனால் அது வேறு, வியாபாரம் வேறு. இரவுச் சாப்பாட்டின்போது, "நாளைக்கு நான் உக்காருறேன். ஒரு கடை எப்படி நடக்கணும்னு பாருங்க" என்று அறிவித்துவிட்டார்.

உண்மையில் நன்றாகத்தான் செய்தார். பலகையைக் கழுவித் துடைத்து, ஓரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, கோஸைக் கோபுரம் மாதிரி அடுக்கி, பூண்டை மாலையாகக் கட்டித் தொங்கவிட்டார். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாங்கம்மா, வாங்க சாமி, வாங்க! நம்ம கடை, பழைய கடை!" என்று ஆரம்பித்தார். அடிவாரத்து நெரிசலில் நாற்பது கடைகளின் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டிய குரல் அது. இங்கே பனிமூட்டத்துக்குள் தனியாக நடந்து வந்த ஒரு கிழவர் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுக் கைத்தடியைக் கீழே போட்டார். காலாற நடக்க வந்த சீசன்காரர்கள் பாதையின் மறுஓரமாக ஒதுங்கி வெரசாகப் போனார்கள்.

சமையல்காரர்கள் ஒதுங்கவில்லை. அவர்கள் வந்தார்கள். டப்பா இருந்த காலமெல்லாம் பலகையில் எழுதியிருந்த விலையை அப்படியே போட்டுவிட்டுப் போனவர்கள், ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, கோஸு இந்த விலையா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"எடுக்குறது ரெண்டு எடுங்க, குறைச்சித் தாறேன்."

"ரெண்டு எடுத்தா ஒரு கட்டு மல்லித்தழை சும்மா வருமா?"

அப்பாவுக்குக் கண் மின்னியது. இதுதானே அவருக்குத் தெரிந்த உலகம். பேசினார், சிரித்தார், ஒருவருடைய ஊரைக் கேட்டு, அவர் நத்தத்துக்காரர் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் குறைத்தார். மல்லித்தழை சும்மா போயிற்று. இஞ்சி சும்மா போயிற்று. சாயந்திரம் தொண்டை கட்டி, மனம் நிறைந்து இறங்கி வந்தார். அத்தை டப்பாவைத் திறந்து காசை எண்ணிப் பார்த்தார். பிறகு மரியாதையாகத்தான் சொன்னார்:

"நல்லாத்தாண்ணே வித்தீங்க. ஆனா டப்பா இன்னும் கொஞ்சம் நல்லா விக்கும். அதுக்கிட்ட யாரும் பேரம் பேசமாட்டாங்க."

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்பாவும் ஒரு நிமிஷம் உர்ரென்று இருந்துவிட்டு, தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டார். மறுநாள் பஸ் ஏறும்போதும் விடவில்லை. "இருந்தாலும் தாயி, ஒரு பூட்டு இல்லாம ஒரு காசுப் பெட்டி இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிரசவத்துக்குப் பழனிக்குப் போய், பிள்ளையோடு நான் மலைக்குத் திரும்பியது தை கடைசி. ஆண் பிள்ளை. மாசியில் ஒருநாள் டப்பா காணாமல் போயிற்று.

காய் அப்படியே இருந்தது, டப்பா மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அத்தைக்குக் கோபம்தான். அதுவும் காசுக்காக அல்ல. நல்ல கனமான டப்பா, மூடி அவ்வளவு கச்சிதமாக உட்காரும், அப்படி ஒன்று இனிக் கிடைக்காது என்று. பாதையின் நடுவில் நின்று, மேலே சோலையையும் கீழே பள்ளத்தையும் பார்த்து முழுத் தொண்டையில் கத்தினார்:

"ஏலே, எடுத்தவனே! காசை நீயே வச்சிக்க! டப்பாவைக் கொண்டாந்து போட்டுரு! அது உனக்கு எதுக்கும் ஆகாது!"

சில நாள் கழித்து டப்பா திரும்பி வந்தது. காலியாக, ஒரு பக்கம் நசுங்கி, பலகையின் மேல் அதே இடத்தில் இருந்தது. எடுத்தது யார், கொண்டுவந்து வைத்தது யார், இரண்டும் ஒரே ஆளா என்று இன்றுவரை தெரியாது. அத்தை அதை விறகுக் கட்டையால் தட்டி நிமிர்த்தி, கழுவிக் காயவைத்தார்.

ஆனால் அதற்குள் குதிரைக்காரச் சித்தப்பா மூலம் சேதி பழனிக்குப் போய்விட்டது. அடுத்த நடையில் ஒரு குதிரையின் முதுகில் பூண்டு மூட்டைக்குப் பதிலாக ஓர் இரும்பு உண்டியல் வந்து இறங்கியது. அப்பா அனுப்பியது. கோயிலுக்கு உண்டியல் செய்கிற கொல்லரிடமே சொல்லிச் செய்திருக்கிறார். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கவேண்டும். மேலே காசு போட ஒரு கீறல், பக்கத்தில் கைப்பிடி அளவுக்குப் பூட்டு. சிவப்பு வர்ணம் அடித்து, கொல்லர் தன் வழக்கப்படி முன்பக்கத்தில் மஞ்சளில் ஒரு வேலும் வரைந்துவிட்டார்.

"சாவி எங்க சித்தப்பா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பெட்டியையும் சாவியையும் ஒரே ஆள்கிட்டக் குடுக்கக் கூடாதாம். பங்குனி உத்திரக் கூட்டம் முடிஞ்சதும் பேரனைப் பாக்க வருவாராம். அப்பக் கொண்டாருவாராம்."

அப்பா ஆசையாக அனுப்பியதை வைக்காமல் இருக்க முடியுமா? தைல மரத்தடியில் உண்டியலை வைத்தோம். அன்றைக்கே ஒரு தொந்தரவு தெரிந்தது. போட்ட காசு போட்டதுதான், மீதி எடுக்க வழியில்லை. சமையல்காரர்கள் மறுபடியும் பாதையில் நின்று கீழே பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள்: "ஆத்தா, சில்லறை!" அத்தை மறுபடியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடேறினார். ஏறும்போதெல்லாம் என் அப்பாவை ஒரு வார்த்தை சொன்னார். நான் காதில் விழாதது மாதிரி இருந்தேன்.

அதைவிடப் பெரிய தொந்தரவு பங்குனியில் வந்தது. கிளாவரை மாதிரி மேல்மலை ஊர்களிலிருந்தெல்லாம் காவடி எடுத்தவர்கள் எங்கள் பாதை வழியாகத்தான் பழனிக்கு இறங்குவார்கள். பச்சை வேட்டியும் காலில் கொப்புளமுமாக வருகிறவர்கள், வளைவு திரும்பியதும் தைல மரத்தடியில் சிவப்பு உண்டியலும் அதில் வேலும் இருப்பதைப் பார்த்தார்கள். நடையை நிறுத்தினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "அரோகரா" என்றார்கள். நான் அப்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டாணி பறித்துக்கொண்டிருந்தேன். மேலே என்னவோ சத்தம் கேட்கிறதே என்று ஏறிப் போனால், உண்டியலுக்கு முன்னால் கற்பூரம் எரிகிறது. ஒரு பெண் மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்துக் காசை உள்ளே போட்டுவிட்டு, எங்கள் கேரட் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரசாதம் மாதிரிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

"இது கோயில் இல்லம்மா, காய்கறிக் கடை" என்றேன்.

"இருக்கட்டும் தாயி. வேல் இருக்குல்ல" என்றாள் அவள்.

உத்திரம் முடிகிறவரை ஒவ்வொரு கூட்டமும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போயிற்று. வேலின் மேல் சந்தனம் ஏறியது. யாரோ பக்கத்தில் ஒரு கல்லை நட்டு எண்ணெய் ஊற்றினார்கள்.

சித்திரை பிறந்ததும் அப்பா வந்தார், சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு. பேரனைக் கொஞ்சி முடித்து, உண்டியலை வீட்டுக்குத் தூக்கி வரச்சொல்லி, பாய் விரித்து, தன் கையாலேயே பூட்டைத் திறந்து கவிழ்த்தார். காசு கொட்டியது. கூடவே மஞ்சள் முடிச்சுகள், விபூதிப் பொட்டலங்கள், வேண்டுதலுக்குப் போட்ட வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி, சின்ன வெள்ளிக் கால் ஒன்று. அப்பா இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தாயி, இது சாமி காசு. தொடாதீங்க யாரும்."

"நம்ம பூண்டுக் காசும் இதுக்குள்ளதான் மாமா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு காசை விடாதவர் என்று அடிவாரத்தில் பெயரெடுத்த என் அப்பா, மொத்தத்தையும் பழனி உண்டியலில் போட்டுவிடவேண்டும் என்று நின்றார். நாலு காய் போனால் போகட்டும் என்று சொல்லி வந்த என் மாமியார் முடியவே முடியாது என்றார்.

"சாமிக்கு எம் பூண்டு எதுக்குண்ணே? அவரு கேட்டாரா? குனிஞ்சு களையெடுத்தது யாரு?"

"அப்ப எது சாமி காசு, எது பூண்டுக் காசுன்னு நீங்களே சொல்லுங்க தங்கச்சி. காசுல எழுதியிருக்கா?"

இருவரும் பாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து காசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் ஒரு பயமும் வந்தது. அதுவரை, வருகிறவர்கள் சரியாகப் போடுகிறார்களா என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது நாங்கள் சரியாக எடுக்கிறோமா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

கடைசியில் அத்தைதான் வழி சொன்னார். முடிச்சும் வெள்ளியும் அப்படியே சாமிக்கு. எந்தப் பாத்தியிலிருந்து எவ்வளவு பறித்து மேலே கொண்டுபோனோம் என்பது அவருக்கு மனப்பாடம். அதற்கான காசை மட்டும் வீட்டுக்கு எடுப்பது. குரங்கு தின்றதும், காவடிக்காரர்கள் பிரசாதமாகக் கொண்டுபோனதும் எங்கள் நஷ்டம். மிச்சம் சாமிக்கு. அப்பா ஒத்துக்கொண்டார். எல்லாம் பிரித்து முடித்த பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று தன் மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துச் சாமி பக்கம் வைத்தார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பிடியை அள்ளி அந்தப் பக்கம் தள்ளினார்.

வைகாசியில் பிள்ளைக்கு முடியிறக்கப் போனபோது அந்த மூட்டையையும் எடுத்துக்கொண்டு படியேறினோம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை வீறிட்டு அழ, என் வீட்டுக்காரர் மூட்டையை அவிழ்த்துக் கோயில் உண்டியலில் கொட்டினார். அந்தச் சத்தம் அடங்கியதும், "முருகா, உன்னோடது உன்கிட்ட" என்று அத்தை சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே இறங்கி அப்பாவின் கடைக்கு வந்தோம். அத்தை அந்தக் கடைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. ஊரில் கொடுப்பதற்கென்று இரண்டு டப்பா பஞ்சாமிர்தத்தைக் கையில் எடுத்தார். விலையைக் கேட்டார். சம்பந்தியிடம் காசு வேண்டாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நேராகக் கல்லாப் பெட்டிக்குப் போய், திறந்து, ரூபாயை உள்ளே போட்டு, மீதிச் சில்லறையைத் தானே பொறுக்கி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அப்பா பார்த்தது பார்த்தபடி நின்றார். அம்மாவைத் தவிர வேறு ஒரு கை அந்தப் பெட்டிக்குள் போய் அவர் பார்த்ததே இல்லை. தான் செய்தது என்ன என்று அத்தைக்குத் தெரியவே இல்லை. "வெயிலு என்னமா அடிக்குது இங்க" என்று விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்.

தைல மரத்தடியை நாங்கள் திரும்பப் பிடிக்கவில்லை. நட்ட கல்லுக்கு ஊர்க்காரர்கள் தினமும் பூ வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். உண்டியலை அங்கேயே விட்டு, சாவியை ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்துவிட்டோம். எங்கள் பலகையும் டப்பாவும் பாதையின் எதிர்ப்பக்கம் மாறின. அப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. மலையில் தான் ஒரு முருகன் கோயில் கட்டியதாகவே அடிவாரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் இல்லை என்று சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து அந்தப் பாதை ரோடாகி, பஸ் வந்தது. முதலில் பயந்தோம், ஆள் இல்லாத கடைக்கு யார் பஸ்ஸை நிறுத்துவார்கள் என்று. நிறுத்தினார்கள். கண்டக்டர் வளைவுக்கு முன்னாலேயே, "யாருக்குக் கோஸு, யாருக்குக் கேரட்டு?" என்று கேட்டுக் காசு வாங்கிக்கொள்வார். பஸ் நின்றதும் குதித்து இறங்கி, காயை அள்ளி ஜன்னல் வழியாக நீட்டி, தோல் பையிலிருந்து சில்லறையை டப்பாவில் கொட்டி, விசில் ஊதுவார். டிரைவர் இன்ஜினை அணைக்கவே மாட்டார்.

அப்படி ஒருநாள் பஸ் வந்தபோது நான் கடையில்தான் இருந்தேன். பூண்டுக் கட்டுகளை அடுக்க வந்தவள், பஸ் சத்தம் கேட்டு நிமிர்ந்து, சரி, இன்றைக்கு நாமே எடுத்துக் கொடுப்போம் என்று பலகைக்கு முன்னால் நின்றேன். புதிய கண்டக்டர், என்னைத் தெரியாது. குதித்து இறங்கி ஓடிவந்தவர், கையில் காசோடு என் தோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"என்ன வேணும்?" என்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார் அவசரமாக. "டப்பாவை மறைக்குறீங்க."

நான் தள்ளி நின்றேன்.